எல்லார் பேச்சையும் கேட்ட மலேசியாக்கா

“செவ்வாய். விடியலிலிருந்து மழை, காற்று. ராகலை மரக்கறி லொறி மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது. மேல் அறைக்கு ஆள் வந்திருக்கிறது. பெண், தனியாக, மலேசியா. மூன்று குடை.”

என் நாட்குறிப்பில் அவரைப் பற்றிய முதல் பதிவு இவ்வளவுதான். தேதி எழுதியிருந்த மூலை ஈரத்தில் ஊறிக் கரைந்துவிட்டது. கிழமையில் சந்தேகம் இல்லை, ஏனென்றால் ராகலை லொறி நோர்வூட்டுக்குச் செவ்வாயில் மட்டுமே வரும். மாதம் ஆனி. ஆண்டு, பெற்றோலுக்காகப் போலிமில், அதாவது வரிசையில், நாள்கணக்காக நின்ற காலம் ஒழிந்ததற்கு அடுத்த ஆண்டு. இதற்கு மேல் துல்லியமாகச் சொன்னால் அது பதிவாக இருக்காது, ஊகமாகிவிடும்.

பெயரை விட்டுவிடச் சொன்னவர் அவரேதான். “எழுதுங்கண்ணே, ஆனா பேரு மட்டும் போடாதீங்க. எங்கக்கா படிச்சாங்கன்னா, மழையில தனியா சுத்துனியான்னு சண்டைக்கு வந்துருவாங்க.” ஊரில் எல்லாரும் அவரை மலேசியாக்கா என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அவருக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. குட்டையான, உருண்டையான உருவம். முதுகில் இருந்த பை அவரைவிடப் பெரியது. பின்னால் இருந்து பார்த்தால் பை ஒன்று தானாகவே கால் முளைத்து நடந்து போவது போல இருக்கும்.

எனக்கு நோர்வூட் பஜாரில் போட்டோ பிரதி எடுக்கும் கடை. மேலே இருக்கும் ஓர் அறையை என் மனைவி பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை படியேறி வந்தவரைப் பார்த்து என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “மூணு கொடை எதுக்குங்கக்கா?”

“மூணு பேரு சொன்னாங்க அண்ணி.”

அதற்கு மேல் விளக்கம் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் தோண்டித் துருவியதில் தெரிந்தது இது. மலைக்குப் போகிறவர்களுக்கு மடக்குக் குடைதான் வசதி என்று கண்டியில் ஓர் அம்மா சொல்லியிருக்கிறார். மடக்குக் குடை இந்தக் காற்றுக்குத் தாங்காது, நீளக் கம்பிக் குடைதான் சரி என்று ஹட்டனில் ஒருவர். கறுப்புக் குடை என்றால் இடி இறங்கும், பூப்போட்டது வாங்குங்கள் என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர். மூன்று பேரின் பேச்சையும் அவர் தட்டவில்லை. மடக்குக் குடை, நீளக் குடை, பூக்குடை என மூன்றும் எங்கள் வாசலில் நீர் சொட்டிக்கொண்டு நின்றன.

அவரைப் பற்றி நான் எழுதப்போகும் எல்லாமே இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் வரும். யார் என்ன சொன்னாலும் கேட்பார். தலையாட்டிவிட்டுத் தன் வழியில் போகிற ரகம் அல்ல, சொன்னதைச் செய்தே தீருவார். ஒன்றுக்கொன்று நேர்மாறாக இரண்டு பேர் சொன்னால் இரண்டையும் செய்வார். “சரி லா, அதையும் செஞ்சிருவோம்” என்பார். அந்த ‘அதையும்’ என்ற சொல்லை அவர் சொல்லும்போது கடையில் புதிய சட்டை ஒன்று கிடைத்துவிட்டது போல முகம் மலரும்.

மஸ்கெலியாவுக்கு அவர் போன கதையை என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் கடை வாசலிலேயே மஸ்கெலியா பஸ் நிற்கும், ஏறிப் போகலாம் என்று நான் சொன்னேன். ஹட்டனில் இருந்து வரும்போதே பஸ் நிரம்பிவிடும், ஹட்டனுக்குப் போய் ஏறினால் இடம் கிடைக்கும் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். மலேசியாக்கா முதலில் ஹட்டனுக்குப் போனார். அங்கே மஸ்கெலியா பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தார். அதே பஸ் எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்து நின்றதும், சிரித்த முகத்தோடு இறங்கி, என்னைப் பார்த்து “ஏறிட்டேண்ணே” என்று சொல்லிவிட்டு, மறுபடி ஏறிப் பார்த்தார். அவர் இடத்தில் ஒரு முதியவர் அதற்குள் உட்கார்ந்திருந்தார். மஸ்கெலியா வரைக்கும் நின்றுகொண்டே போனாராம். ஆனால் என் பேச்சும் வீண் போகவில்லை, எதிர்க்கடைக்காரர் பேச்சும் வீண் போகவில்லை.

அட்டைக் கதையை நான் நேரில் பார்த்தேன். மழைக்காலத்தில் தேயிலை மலையில் கால் வைத்தால் அட்டை கடிக்காமல் விடாது. அவர் மலை பார்க்கப் போகிறார் என்று தெரிந்ததும் ஊரே அட்டைக்கு மருந்து சொல்லத் தொடங்கியது. காலில் சவுக்காரத்தைக் காயக் காயப் பூசிக்கொள்ளச் சொன்னாள் பவளம். கொழுந்து பறித்துவிட்டுப் போகும் வழியில் எங்கள் கடையில் போன் கார்ட் வாங்குகிறவள் அவள். சுண்ணாம்பு தடவச் சொன்னார் கோயில் தலைவர். எலுமிச்சைச் சாறு என்றாள் என் மனைவி. உப்புப் பொட்டணம் கையில் இருக்கட்டும் என்றேன் நான். மலேசியாக்கா சவுக்காரத்தை முழங்கால் வரை பூசி, அதன் மேல் சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் எலுமிச்சை பிழிந்து, பவளம் கொடுத்த படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். படங்கு என்பது கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குக் கட்டிக்கொள்ளும் தடித்த விரிப்பு.

திரும்பி வரும்போது நல்ல மழை. பஜார் இறக்கத்தில் அவர் நடந்து வந்தார். வந்த வழி எல்லாம் நுரை. ஒவ்வொரு அடிக்கும் செருப்பிலிருந்து நுரை பொங்கி, ரோட்டோரக் கான் வாய்க்காலில் வெள்ளையாக ஓடியது. கடைக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

“அட்டை கடிச்சுச்சாக்கா?” என்று பவளம் கேட்டாள்.

“ஒண்ணுகூட இல்ல லா. வந்த அட்டைங்க எல்லாம் குளிச்சிட்டுப் போயிருக்கும்.”

அவர் ஈப்போவுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். எங்கள் ஊர்ப் பேச்சில் லயம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு என்றெல்லாம் காதில் விழுந்தபோது அவர் தட்டில் இருந்த ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தே விட்டார். “எங்க தோட்டத்துலயும் பெரட்டுதாண்ணே. தண்டல் வந்து பேரு கூப்புடுவாரு. இங்க கொழுந்து, அங்க பால்மரம். அவ்ளோதான்.” பவளத்துக்கு இதை நம்ப முடியவில்லை. கடல் தாண்டிப் போனவர்களுக்கும் விடியற்காலைப் பெரட்டா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். காலையில் யாரைக் கண்டாலும் மலேசியாக்கா “பசியாறியாச்சா?” என்று கேட்பார். ஒரு கிழமைக்குள் எங்கள் பஜாரில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஊர்க்காரர்களுக்கு அவரைப் பிடித்துப் போனதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. எங்கள் ஊரில் புத்தி சொல்லாத ஆள் கிடையாது. கேட்கிற ஆள்தான் கிடையாது. சொந்தப் பிள்ளைகள்கூடக் கேட்பதில்லை. அப்படியிருக்க, சொல்லி வாய் மூடுவதற்குள் செய்துகாட்டும் ஒருவர் வந்ததும் ஊருக்கு ஒரு போதை ஏறிவிட்டது. கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கச் சொல்லக் காலையிலேயே ஆள் வரும். பால் விடாத இஞ்சி பிளேன்டி குடிக்கச் சொல்ல அடுத்த ஆள். அவர் இரண்டையும் குடித்துவிட்டு, மூன்றாவது ஆள் வருகிறதா என்று வாசலைப் பார்ப்பார்.

இந்தக் குணத்தில் வில்லங்கமும் இருக்கிறது என்பது மூன்றாவது வாரம் புதன்கிழமை தெரிந்தது.

அவருடைய விசா அந்த வெள்ளியோடு முடிகிறது. ஊருக்குப் போகும் விமானம் அதற்கடுத்த செவ்வாய். இடையில் உள்ள நாட்களுக்காக விசாவை நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும். இதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். எல்ல என்ற ஊரில் சந்தித்த ஒரு பயணி, வந்தவுடனே விண்ணப்பித்துவிடு என்று சொல்லியிருக்கிறார். இன்னொரு பயணி, கடைசி நாட்களில்தான் போட வேண்டும், முன்னாலே போட்டால் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். இருவர் மனமும் நோகாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த நாளில் எங்கள் ஊரில் மரம் விழுந்து கரண்ட் போனது. கரண்ட் வரட்டும் என்று இருந்தார். வந்தது, போனது, வந்தது, மறுபடி போனது. இதற்குள் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து கொழும்பு ரோடு அடைபட்டது. ரயிலும் நின்றுவிட்டது. இனி விமானத்தை முன்னால் மாற்றினாலும் போய்ச் சேர வழியில்லை. இணையம் வழியாக விண்ணப்பிப்பது ஒன்றே மிச்சம்.

“ஒரு நாலு நாள் கூட இருந்தா என்னாக்கா? தண்டம் கட்டிட்டுப் போயிரலாமே,” என்றாள் என் மனைவி.

மலேசியாக்கா முதன்முறையாக ஒருவர் பேச்சைக் கேட்க மறுத்தார். “இல்ல அண்ணி. அது மட்டும் ஆகாது.”

அவர் பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரு நாட்காட்டி தொங்கியதாம். அதில் வட துருவத்துக்குப் பக்கத்து நாடு ஒன்றின் படம். ராத்திரி வானத்தில் பச்சைத் திரை போட்டது போல வெளிச்சம். ஆண்டு முடிந்தும் அந்தத் தாளை அவர் கழற்றவில்லை. அந்த நாட்டுக்கு விசா கேட்டு இந்தப் பயணம் முடிந்ததும் விண்ணப்பிக்கப் போகிறார். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும் என்று அவர் முன்கூட்டியே படித்து வைத்திருந்தார். எந்த நாட்டிலாவது அனுமதித்த நாளுக்கு மேல் தங்கியிருக்கிறீர்களா?

“எல்லா ஃபார்ம்லயும் ‘இல்ல’ன்னுதாண்ணே போட்டிருக்கேன். இதுலயும் ‘இல்ல’ன்னு போடணும். ‘ஆமா’ன்னு போட்டுட்டு, அதுக்குக் காரணம் எழுதிக்கிட்டு, அவங்க நம்புவாங்களா மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு... என்னால முடியாது லா.”

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் அந்த விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அது பஜாருக்குத் தெரிந்தபோது வியாழன் காலை. என் கடை நிரம்பிவிட்டது.

விண்ணப்பத்தில் கேட்டவை குறைவு. கடவுச்சீட்டு, படம், விமானச் சீட்டு, இங்கே தங்கியிருக்கும் முகவரி. முகவரிக்கு ஆதாரம் இருந்தால் இணைக்கலாம் என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியை நான் உரக்கப் படித்திருக்கக் கூடாது.

“ஆதாரமா?” என்றார் கோயில் தலைவர். அவர் முகம் மாறிவிட்டது. எங்கள் மக்களிடம் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லக் கூடாது. குடியுரிமைக்கும் அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றுக்கும் அப்பன் பாட்டன் காலத்தில் இருந்து ஆதாரம் தேடி அலைந்தவர்கள் நாங்கள். பெட்டியில் துணி இல்லாத வீடு இருக்கலாம், பொலித்தீன் பையில் சுற்றிய பழைய கடுதாசி இல்லாத வீடு கிடையாது. “கோயில் லெட்டர்ஹெட்டுல நான் ஒண்ணு தாரேன். நம்ம கோயிலுக்கு ரெண்டு வெள்ளி வந்திருக்காங்கள்ல,” என்று சொல்லிக்கொண்டே குடையைத் தேடினார்.

இரும்புக் கடை ஹாஜியார் சமாதான நீதவான், அதாவது ஜே.பி. அவரிடம் ஒரு நீல மை முத்திரை உண்டு. அதை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். “சீல் இல்லாட்டி அது கடுதாசி இல்ல தங்கச்சி, சாமான் சுத்துற பேப்பர். நான் ஒரு சத்தியக் கடதாசி எழுதித் தாறேன். கடவுச்சீட்டுப் பிரதியிலயும் சீல் வெக்கிறேன். டிக்கட்டிலயும் வெக்கிறேன்.”

“அதையும் செஞ்சிருவோம் ஹாஜியார்.”

பிற்பகலுக்குள் மேசையில் சேர்ந்தவை இவை. கோயில் கடிதம். ஹாஜியாரின் சத்தியக் கடதாசி, முத்திரைகளோடு. என் மனைவி எழுதிய வாடகைக் கடிதம். எதிர்க்கடைக்காரர், இந்தப் பெண்மணி தன்னிடம் பிஸ்கட் வாங்குபவர் என்று எழுதிக் கொடுத்த கடிதம். மாதா கோயில் பாட்டுக் குழுவின் கடிதம். அவர் அங்கே பாடவில்லை, மழைக்கு ஒதுங்கினார் என்று அதிலேயே நேர்மையாகச் சொல்லியிருந்தது. பிறகு தோட்டத்து மருத்துவ மாது, இவருக்கு ஒரு நோயும் இல்லை என்று கொடுத்த துண்டு.

கரண்ட் வந்த இடைவெளியில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றிப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் ஒரே ஒரு கோப்புதான் ஏறும், அதுவும் சிறியதாக இருக்க வேண்டும். எங்கள் கட்டைப் பார்த்ததும் திரை சிவந்துபோய், பெரிது என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. சுருக்கிப் பார்த்தேன். திருப்பியது. இன்னும் சுருக்கினேன். ஹாஜியாரின் முத்திரை ஒரு நீலக் கொசுவாகத் தெரிந்தது. அதையும் திருப்பியது. பிறகு கரண்ட் போனது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். “இந்தக் கடிதம் ஒண்ணும் வேணாங்கக்கா. கடவுச்சீட்டும் டிக்கட்டும் போதும். மத்தத விட்டுட்டு அனுப்பிருவோம். யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமேண்ணே.”

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் அந்தக் கடிதங்களை ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் இருந்த நாட்களில் அவர் சிரிக்காமல் பேசியது அப்போது மட்டும்தான். அதுவும் சிறிது நேரம்.

“எங்கப்பா சாகுற வரைக்கும் சிவப்பு ஐ.சி. கார்டுதாண்ணே. பொறந்தது அங்கதான், ஆனா குடியுரிமை இல்ல. ஒவ்வொரு தடவ ஆபீசுக்குப் போவாரு. ஒரு கடுதாசி கொறையுதும்பாங்க. அதைத் தேடிக்கிட்டுப் போவாரு, அப்ப வேற ஒண்ணு கொறையும். என்ன கொண்டு போகணும்னு சொல்ல அவருக்கு ஒரு ஆளு இல்ல. தோட்டத்துல எல்லாரும் அவரு மாதிரிதானே. பாஸ்போர்ட்டே எடுக்காம போயிட்டாரு. எனக்கு இப்போ ஒரு ஊரே சொல்லுது. நான் எதை விடுறது?”

 என் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். மலேசியாக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, “பிஸ்கட் கடதாசியை மட்டும் கேட்டுப் பாத்துட்டு விட்டுறலாமா?” என்றார். உடனே, “வேணாம், அந்த அண்ணே பாவம்,” என்று அவரே பதிலும் சொன்னார்.

வெள்ளி காலையில் கடை வாசலில் மறுபடி கூட்டம். பிரச்சினை இப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரே தாள்தான் ஏறும். அப்படியென்றால் ஒரே கடிதம் எழுதி, எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவானது. கடிதத்தை நான் நான்கு வரியில் தட்டச்சு செய்தேன். அடுத்த நிமிடம் யார் முதலில் வைப்பது என்று தகராறு தொடங்கியது.

“கோயில்தான் மொதல்ல,” என்றார் தலைவர்.

“சட்டப்படி ஜே.பி. சீல் மேல வரோணும்,” என்றார் ஹாஜியார்.

“அக்கா தங்கியிருக்கிறது எங்க வூட்டுல,” என்றாள் என் மனைவி.

பவளம் மலைக்குப் போகும் வழியில் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். “சண்டை எதுக்குங்க? பெட்டிசனுக்கு வெக்கிற மாதிரி வட்டமா வைங்க,” என்றாள்.

 எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். முன்பெல்லாம் தோட்டத்தில் துரையின் மேல் புகார் எழுதினால், கையெழுத்துகளைத் தாளைச் சுற்றி வட்டமாக வைப்பார்களாம். யார் முதலில் வைத்தது, யார் தலைமை என்று துரைக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு தாளை நான் கண்ணால் கண்டதில்லை. அன்றைக்குத்தான் கண்டேன்.

நடுவில் நான்கு வரிக் கடிதம். சுற்றிலும் கோயில் முத்திரை, ஹாஜியாரின் நீல முத்திரை, மருத்துவ மாதுவின் கையெழுத்து, மாதா கோயில் பாட்டுக் குழு, பிஸ்கட் கடை, என் மனைவி, நான். சூரியகாந்திப் பூ போல இருந்தது. பவளத்தையும் வைக்கச் சொன்னார் மலேசியாக்கா. அவள் நன்றாகவே எழுதப் படிக்கத் தெரிந்தவள், ஆனால் பேனாவை வாங்கவில்லை. ஹாஜியாரின் மைப் பெட்டியில் பெருவிரலை அழுத்தி, ஒரு மூலையில் அழகாகப் பதித்தாள்.

“கையெழுத்துப் போடலாமே பவளம்?”

“எல்லாரும் சீலு வெச்சிருக்கீங்க. என்கிட்ட இருக்கிற சீலு இதுதான்.”

பஜாரில் சிக்னல் இல்லை. பொகவந்தலாவை ரோட்டில் ஒரு வளைவில் மட்டும் கிடைக்கும். என் போனில் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் மலேசியாக்காவும் நானும் ஏறினோம். ஹாஜியாரும் ஏறிக்கொண்டார், அவர் முத்திரை வைத்த தாளை அவர் தனியே விட மாட்டார். கோயில் தலைவர் டிரைவருக்குப் பக்கத்தில் அரை ஆளாகத் தொற்றிக்கொண்டார். மழை பக்கவாட்டில் அடித்தது. குடைகள் மூன்றும் அதற்கு முந்தின நாளே காற்றில் முறிந்திருந்தன. வளைவில் நிறுத்தியதும் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் போனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். மலேசியாக்கா வலது பக்கம் நீட்டினார், இடது பக்கம் நீட்டினார், டிரைவர் சொன்னபடி சீட்டின் மேல் முழங்கால் போட்டு ஏறி, ஆட்டோவின் பின் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“ஏறிட்டுது,” என்றார் டிரைவர்.

ஆட்டோவுக்குள் நாங்கள் போட்ட சத்தத்தில், எதிரே வந்த பஸ்காரர் விபத்தோ என்று நிறுத்திவிட்டார். மலேசியாக்கா கழுத்தை வெளியே நீட்டி, “பசியாறியாச்சாண்ணே?” என்று அவரைக் கேட்டார்.

ஆனால் அனுப்பினால் போதாது, பதில் வர வேண்டும். அன்று பிற்பகல் முழுவதும் யாரும் வியாபாரம் செய்யவில்லை. தொடர்பு எண்ணாகக் கடையின் பழைய தரைவழித் தொலைபேசியைக் கொடுத்திருந்தோம். அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்னால் அது அடித்தது. ஹாஜியார் பாய்ந்து எடுத்தார்.

மறுமுனையில் ஒரு பெண் அதிகாரி. பேச்சு சிங்களத்தில். ஹாஜியாரின் பக்கத்தில் நின்று நான் கேட்டதை வைத்தும், பிறகு அவர் சொன்னதை வைத்தும் எழுதுகிறேன். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டாராம். நான்கு நாள் நீட்டிப்புக்கு ஏன் இத்தனை பேர் கையெழுத்து? கோயில் முத்திரை எதற்கு? அந்தக் கைவிரல் யாருடையது? கடவுச்சீட்டும் டிக்கட்டும் முகவரியும் போதுமே.

ஹாஜியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மிஸ், எங்கட ஆக்களுக்கு எப்பவும் ஒரு கடுதாசி குறையுதுன்டுதான் சொல்லியிருக்காங்க. அதால இந்த முறை கொஞ்சம் கூட வெச்சிட்டோம்.”

 மறுமுனையில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு ரிசீவரில் இருந்து கடை முழுவதும் கேட்டது. நீட்டிப்பு கொடுத்தாயிற்று, மின்னஞ்சல் வரும் என்று சொன்னார். வைப்பதற்கு முன், மழை எப்படி இருக்கிறது, எல்லாரும் பத்திரமா என்றும் கேட்டார்.

மலேசியாக்கா கடை நடுவில் நின்று இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. தேங்காய் உடைக்கச் சொன்னார் தலைவர். பள்ளிவாசல் உண்டியலைக் காட்டினார் ஹாஜியார். மெழுகுவர்த்தி என்றது பாட்டுக் குழு. மூன்றையும் அன்று மாலைக்குள் முடித்து, தொப்பலாக நனைந்து, நெற்றியில் திருநீறும் கையில் மெழுகுக் கறையுமாக அவர் படியேறி வந்ததைப் பார்த்து என் மனைவி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ரோடு திறந்ததும் திங்கட்கிழமை கிளம்பினார். அந்தத் தாளின் அசலை, பொலித்தீனில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக்கொண்டார். எல்லாரும் வழி சொன்னார்கள். எந்த வழியில் கொழும்பு போய்ச் சேர்ந்தார் என்று தெரியவில்லை, பல வழிகளிலும் என்று நினைக்கிறேன்.

மறு ஆண்டு தைப்பொங்கலுக்குப் பிறகு என் மனைவியின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே அவர் குரல். “அண்ணி, பசியாறியாச்சா? நான் வந்துட்டேன். குளிரு இருக்கே, உங்க ஊரு குளிரெல்லாம் இதுக்கு முன்னால பிளேன்டி லா. வானம் ஆடுது அண்ணி. பச்சையா ஆடுது. ‘இல்ல’ன்னுதான் போட்டேன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. அந்தக் கடுதாசியையும் சேத்துத்தான் வெச்சேன்.” கூடவே ஒரு படம். தலை முதல் கால் வரை போர்த்திய ஓர் உருண்டை. அவர்தானா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. அளவை வைத்துச் சொல்லலாம்.

செய்தியைக் கடையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினோம். பவளம் திரும்பத் திரும்பக் கேட்டாள். ‘சேத்துத்தான் வெச்சேன்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

அந்த நாட்டு அதிகாரிகள் அந்தத் தாளை என்ன செய்தார்கள் என்று அவரிடம் கேட்டு இரண்டு முறை செய்தி அனுப்பினேன். முதல் முறை பனிமானின் படம் ஒன்று வந்தது. இரண்டாவது முறை பதில் இல்லை. அது மலேசியாக்காவிடம் திரும்பி வந்திருக்கலாம். அல்லது அங்கேயே ஏதோ ஓர் அலமாரியில் இருக்கலாம். பவளத்துக்குக் கடவுச்சீட்டு கிடையாது, கொழும்புக்கு அப்பால் போனதும் கிடையாது. ஆனால் தன் பெருவிரல் வடதுருவத்துக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது என்று அவள் பெரட்டுக்களத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.